தாழ்ப்பாள் இல்லாத காலத்து டைம்டேபிள்

திருவனந்தபுரம் ஆரியசாலை வீட்டில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. முதலில் இருந்தது. நாங்கள் குடிவந்த வாரமே அப்பா ஸ்குரூ டிரைவரோடு வந்து அதைக் கழற்றிவிட்டார். கேட்டால், "துருப்பிடிச்சுப் போச்சு மக்கா, வேற வாங்கிப் போடணும்" என்றார். இரும்புச் சாமான் விற்கிற கடைகள் எங்கள் தெருமுனையிலேயே வரிசையாக இருந்தன. அப்பாவோ குழாய் ஒரு சொட்டு ஒழுகினாலும் சோறு இறங்காத மனிதர். ஆனாலும் தாழ்ப்பாள் வரவில்லை.

அதனால் யார் குளித்தாலும் பாட வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டாள். உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டாமா? பாட்டு நின்றால் வெளியிலிருந்து கதவைத் தட்டுவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. தெரிந்தது நாகர்கோவில் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைப் பாட்டு ஒன்றுதான். தினமும் சோப்பு நுரையோடு கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் சினிமாப் பாட்டு. சித்தப்பாவுக்குப் பாட வராது. அவர் வாய்ப்பாடு சொல்வார். பதினேழாம் வாய்ப்பாடு கேட்டால் சித்தப்பா தலைக்கு ஊற்றுகிறார் என்று அர்த்தம். என் பாட்டு நின்றால் அம்மா சாவகாசமாக வந்து தட்டுவாள். சித்தப்பாவின் வாய்ப்பாடு நின்றால் மட்டும் அடுப்பில் எது கிடந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவாள். கணக்கு வாத்தியாரான அவர் வாய்ப்பாட்டை மறந்துவிட்டால் வீட்டுக்கு மானக்கேடு என்று பயப்படுகிறாள் என நான் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் திருவனந்தபுரம் வந்ததே ஒரு குழப்பமான காரியம்தான். பள்ளிக்கூடம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது, ஐப்பசி மாதத்தில், யாராவது ஊர் மாறுவார்களா? அப்பா மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்குப் பார்த்தார். முதலாளிக்கு ஆரியசாலையில் ஒரு கிளை இருந்தது. அங்கே போகச் சொல்லி யாரும் அப்பாவை விரட்டவில்லை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டு, குடோனுக்கு மேலே மாடியில் வீடும் பிடித்துவிட்டார். வந்து இறங்கிய அன்று தும்ம ஆரம்பித்த நானும் அண்ணனும் தை மாதம் வரை தும்மிக்கொண்டிருந்தோம்.

மறுநாளே சித்தப்பாவும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அப்பாவின் ஒரே தம்பி. எங்கோ வடக்கே ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால் "தலைவலி" என்பாள் அம்மா. எனக்கும் கணக்கென்றால் தலைவலி வரும். ஆகவே அது நியாயமான காரணமாகவே பட்டது.

இங்குள்ள பள்ளிக்கூடத்தில், ஜூன் மாதம் வந்து பரீட்சை எழுதட்டும், தேறினால் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை என்ன செய்வது? அப்பா கவலைப்படுவார் என்று பார்த்தேன். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டது போல இருந்தது. "வீட்டுலயே ஒரு வாத்தியாரு இருக்காவல்லா, நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா. அப்படித்தான் எங்கள் மாடி பள்ளிக்கூடம் ஆயிற்று. எதிர்வீட்டுச் சேச்சி மலையாளம் சொல்லித்தர ஒப்புக்கொண்டாள். மற்ற எல்லாமே சித்தப்பா.

டைம்டேபிளை எழுதியது அம்மா. பழைய தினசரிக் காலண்டரின் அட்டையைத் திருப்பி, அதில் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். அது போல ஒரு டைம்டேபிளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலாவது வாத்தியார் பல் தேய்க்கிற நேரத்தை எழுதி வைப்பார்களா? இங்கே எழுதியிருந்தது. சித்தப்பா எழுந்திருப்பது, குளிப்பது, தோசை சாப்பிடுவது, மாத்திரை போடுவது, பேப்பர் படிப்பது, மத்தியானம் படுப்பது, படுத்தவரை எழுப்புவது எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. எங்கள் பாடங்கள் அந்தக் கட்டங்களுக்கு நடுவில், பஸ்ஸில் மூன்றாவது ஆளாக ஒண்டிக்கொள்கிறவர்களைப் போல இருந்தன. ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் "வெளிவேலை" என்று போட்டிருக்கும். அன்று அப்பா கடைக்குப் போகாமல் சித்தப்பாவை ஆட்டோவில் எங்கேயோ கூட்டிப் போவார். திரும்பி வந்ததும் அம்மா சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கிற தினுசைப் பார்த்து, அவர் ஏதோ பரீட்சை எழுதிவிட்டு வருகிறார் என்று முடிவு செய்திருந்தேன்.

போதாக்குறைக்கு ராகு காலம். ராகு காலத்தில் புதுப் பாடம் தொடங்கக் கூடாது, பழைய பாடம் படிக்கலாம் என்பது அம்மாவின் விதி. ராகு காலமோ ஒரு நாள் விடிந்ததுமே வந்து நிற்கும், இன்னொரு நாள் சாயங்காலம்தான் எட்டிப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு நாளும் கணக்குப் பீரியடு ஒவ்வொரு இடத்தில் இருந்தது. அண்ணன் இரண்டாம் வாரமே இதில் தலையிடுவதில்லை என்று கைகழுவிவிட்டான். நான் அப்படியில்லை. நான்தான் மானிட்டர்.

பதவி என்றால் லேசுப்பட்ட பதவி இல்லை. எவர்சில்வர் தட்டும் கரண்டியும் என் பொறுப்பு. கட்டம் மாறுகிற நேரத்தில் தட்டை அடிக்க வேண்டும். வாத்தியார் வராவிட்டால் மானிட்டர் போய்க் கூப்பிட வேண்டும் என்பது நாகர்கோவில் பள்ளிக்கூடத்து வழக்கம். அதை அப்படியே இங்கும் கொண்டுவந்தேன். சில நாள் சித்தப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கூப்பிட்டால் காது கேட்காதவர் மாதிரி கிடப்பார். நான் தலைமாட்டில் நின்று தட்டை அடிப்பேன். வேறு வீடாக இருந்தால் படுத்திருக்கிற பெரியவர் தலைமாட்டில் தட்டு அடிக்கிற பெண்ணுக்கு முதுகில் நாலு கிடைக்கும். அம்மா வாசலில் நின்று, "இன்னும் கொஞ்சம் பலமா அடி பிள்ளே" என்பாள். சித்தப்பா எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வந்தாச்சு மானிட்டரே, வந்தாச்சு" என்று சாக்பீஸைத் தேடுவார்.

பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டால் அவரைப் போல ஒருவர் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோசையை வைத்தே வட்டத்தைச் சொல்லித்தந்தார். ஆனால் சாயங்காலம் அம்மா எங்களிடம் கேட்கிற கேள்விகளில் பாடமே இருக்காது. "இன்னைக்குச் சித்தப்பா சிரிச்சாவளா?" "சோறு முழுசும் சாப்பிட்டாவளா?" "நீங்க பேசாம இருக்கும்போ அவ்வோ என்ன செய்தாவ?" ஒரு பின்னக் கணக்கை நான் தப்பில்லாமல் போட்டதைச் சொல்ல வந்தால், "அது கெடக்கட்டும்" என்று தள்ளிவிடுவாள். என் படிப்பில் அம்மாவுக்கு இவ்வளவுதான் அக்கறையா என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம் உண்டு.

கடைசிக் கட்டம் நடை. சித்தப்பாவோடு நாங்கள் இரண்டு பேரும் பழவங்காடி வரை நடந்து, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். எதிர்த்திசையில், கரமனை ஆற்றுப் பக்கம் மட்டும் போகவே கூடாது. "அங்க வெறிநாய் உண்டு" என்று அப்பா சொன்னார். நாய் பழவங்காடியிலும்தான் இருந்தது.

மாசி மாதம் வந்தது. ஆற்றுகால் பகவதிக்குப் பெண்கள் பொங்கலிடுகிற பொங்காலை பற்றி நாகர்கோவிலில் கேள்விப்பட்டதுண்டு, பார்த்ததில்லை. முந்தின நாளே தெருவெல்லாம் செங்கல் ஆகிவிட்டது. எந்த வீட்டு வாசல் என்ற கணக்கில்லாமல், கடை முன்னாலும் பஸ் ஓடுகிற ரோட்டிலும் மும்மூன்று கல்லாக வைத்துப் பெண்கள் இடம் பிடித்தார்கள். அம்மாவும் எங்கள் தெருமுனையில், சேச்சியின் அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்தாள். அந்த வருஷம் முழுக்க விரதம் இருந்தது போல முகம் வாடியிருந்தது. எதற்கு நேர்ந்துகொண்டாள் என்று கேட்டேன். "ஜூன்ல பரீட்சை வருதுல்லா" என்றாள். அந்த ஒரு பதிலில் என் வருத்தமெல்லாம் போயிற்று.

மறுநாள் கடைகள் அடைப்பு. அப்பாவும் அண்ணனும் மற்ற வியாபாரிகளோடு சேர்ந்து வெயிலில் நிற்கிற பெண்களுக்கு மோர் கொடுக்கப் போய்விட்டார்கள். அம்மா புதுப் பானையோடு இறங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீ மேல சித்தப்பாகூடவே இரி. தனியா விட்டுட்டு எங்கயும் போகாண்டாம், கேட்டியா?"

"சித்தப்பாவுக்குப் பயமா?"

"ஆமா" என்றாள் அம்மா. பிறகு சுவரில் டைம்டேபிளைப் பார்த்தாள். அன்றைக்கு விடுமுறை என்று எழுதத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எழுதவில்லை, போய்விட்டாள்.

கோயிலில் பற்றவைத்த தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி எங்கள் தெரு வரை வந்ததை ஜன்னலில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தெருவே தெரியவில்லை, ஒரே புகை. சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அம்மைக்குத் தொண்டை வறண்டுபோகும். ஒரு செம்பு தண்ணி கொண்டு குடுத்துட்டு வா மக்கா" என்றார். அம்மா சொன்னதை நினைத்துத் தயங்கினேன். "நான் இங்கினதான இருக்கேன்" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். சித்தப்பா இல்லை. செருப்பு இல்லை. நாற்காலியில் கணக்குப் புத்தகம் கிடந்தது.

கட்டில், குளியலறை, மொட்டை மாடி எல்லாம் பார்த்தேன். கணக்குப் பீரியடு நேரம் ஆகிவிட்டது. தட்டை அடித்தேன், ஆள் வரவில்லை. வாத்தியார் வராவிட்டால் மானிட்டர் போய்க் கூப்பிட வேண்டும். தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கினேன்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த ஊரில் ஒரு மனிதர் நடந்து போனதை யார் கவனித்திருப்பார்கள்? அன்று ரோடு முழுக்கப் பெண்கள். வேட்டி கட்டிக் கண்ணாடி போட்டு, தலையைக் குனிந்துகொண்டு அடுப்புகளுக்கு நடுவே ஒரு ஆள் போனதை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். முதல் அடுப்பில் கேட்டேன். "ஒரு சாரு அங்ஙோட்டு போயல்லோ மோளே" என்று அகப்பையால் காட்டினாள் ஒருத்தி. அடுத்த அடுப்பில் கேட்டேன், அவளும் அதே திசையைக் காட்டினாள். "எந்தினா தட்டு?" என்று, தட்டு எதற்கென்று புரியாமல் ஒரு கிழவி கேட்டாள். "கணக்குப் பீரியடு ஆயாச்சு" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் என்னையும் நான் போகிற வழியையும் பார்த்துவிட்டுப் பின்னால் இருந்தவளிடம் என்னவோ சொன்னாள். அவள் தன் பின்னால் இருந்தவளிடம் சொன்னாள். கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது, கிள்ளிப்பாலம் தாண்டிவிட்டது. அடுப்புகள் காட்டிய வழி கரமனை ஆற்றுக்குத்தான் போயிற்று.

படித்துறையில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாரும் பொங்காலைக்குப் போய்விட்டார்கள். மேல்படியில் சித்தப்பாவின் செருப்பு. அதற்குக் கீழ்ப்படியில் சட்டை, அழகாக மடித்து, அதன் மேல் கண்ணாடியும் கைக்கடிகாரமும். வீட்டில் சட்டையைக் கழற்றினால் போட்ட இடம் தெரியாத மனிதர், இங்கே வந்து மடித்து வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அவர் நெஞ்சளவு தண்ணீரில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பாட்டும் இல்லை, வாய்ப்பாடும் இல்லை.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! குளியல் காலையிலேயே ஆகிவிட்டது. இன்னொரு குளியலுக்கு டைம்டேபிளில் கட்டமே கிடையாது. நானோ இத்தனை புகையில் இத்தனை தூரம் வந்திருக்கிறேன். தட்டை ஓங்கி அடித்தேன். அவர் திரும்பவில்லை. இன்னும் ஒரு அடி முன்னால் போனது போல இருந்தது. எனக்கு ஏனோ அழுகை வந்தது. அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டு, தட்டு நெளிகிற வரைக்கும் நிறுத்தாமல் அடித்தேன்.

சித்தப்பா திரும்பினார். கண்ணாடி இல்லாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு, "யாரு?" என்றார்.

"நாந்தான். கணக்குப் பீரியடு ஆயாச்சு."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னைக்குப் பொங்காலை. லீவுல்லா?"

"அம்மா லீவுன்னு எழுதல்லியே."

"நீ தனியாவா வந்தே?"

"சாரு வரல்லேன்னா மானிட்டருதானே வந்து கூப்பிடணும்?"

தண்ணீரைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இப்போ ராகு காலமா இருக்கும்" என்றார். வகுப்பிலிருந்து தப்பிக்க அண்ணன் சொல்கிற சாக்கு அது. வாத்தியாரே சொன்னால் விடுவேனா?

"அது எப்பவே போச்சு. இன்னைக்குப் புதுப் பாடம். பின்னத்தைப் பின்னத்தால வகுக்கணும். நீங்கதான் நேத்தே சொன்னீங்க."

"புதுப் பாடமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அழுகையில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. "அழாத மக்கா, வாறேன்" என்று சொல்லி ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்துக் கட்டிவிடச் சொன்னார். வாரை மாட்ட அவருக்கு விரல் வணங்கவில்லை. வெயில் காலத்தில் இப்படிக் குளிருமா என்று கேட்டேன். குளிரும் என்றார்.

திரும்பி நடக்கும்போது என் கையை வலிக்கிற அளவு பிடித்திருந்தார். ஓர் அடுப்பைக் காட்டி, "இதுல மூணு கல்லு. ஒரு கல்லு எத்தனைல எத்தனை பங்கு?" என்று ஆரம்பித்தார். மூன்றில் ஒன்று என்றேன். கிள்ளிப்பாலத்துக்கு வருவதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் அம்மா ஓடிவந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. முடி அவிழ்ந்து, முகமெல்லாம் கரியும் வேர்வையும், கையில் வெல்லப்பாகு. பொங்காலை இட்ட பெண்கள் தீர்த்தம் தெளிக்கிற வரை அடுப்பை விட்டு நகரக்கூடாது என்று காலையில் எனக்குப் பாடம் சொன்னவளே அவள்தான். அம்மா சித்தப்பாவின் ஈர வேட்டியைப் பார்த்தாள். என் தட்டைப் பார்த்தாள். ஏசப்போகிறாள் என்று நான் சித்தப்பாவின் பின்னால் ஒளிந்தேன்.

"மதினி..." என்றார் சித்தப்பா.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கணக்கு முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டாள்.

"பாதிதான் ஆயிருக்கு."

"அப்போ மீதியை வீட்டுல வச்சு முடிங்க. மோர் கலக்கி வச்சிருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. சித்தப்பா முன்னால் போக, அம்மா என்னை இழுத்து, வெல்லப்பாகுக் கையாலேயே அணைத்துக்கொண்டு தேம்பினாள். என் பாவாடை வீணாயிற்று. நான் சித்தப்பாவைத் தனியாக விட்டதற்காக அழுகிறாள் என்று நினைத்து, "நீ தண்ணிக்குத் தவிச்சியேன்னுதான் போனேன்" என்று நானும் அழுதேன்.

தெருமுனையில் சேச்சி தன் பானையை ஒரு கையாலும் அம்மாவின் பானையை இன்னொரு கையாலும் கிளறிக்கொண்டிருந்தாள். பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா இல்லாத நேரத்தில் நடந்த பொங்காலையைப் பகவதி ஏற்றுக்கொள்வாளா, என் பரீட்சை என்ன ஆகும் என்று சேச்சியிடம் கேட்டேன். "அம்மைக்கு எல்லாம் அறியாம் மோளே", பகவதிக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு அவளும் கண்ணைத் துடைத்தாள். புகை என்றாள்.

அன்று ராத்திரி அப்பா என் நெளிந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தட்டித் தட்டிச் சரிசெய்தார். புதுத் தட்டு வாங்கினால் என்ன என்று கேட்டேன். விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தட்டினார். மறுநாள் அம்மா டைம்டேபிளைப் புதிதாக எழுதினாள். காலியாக ஒரு கட்டம்கூட இல்லை. இரண்டாம் முறை குளித்த குற்றத்துக்குச் சித்தப்பாவுக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். "இனி அவ்வோ குளிக்கப் போகும்போதும் நீதான் மணி அடிக்கணும்" என்றாள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது போல இருந்தது.

ஜூன் பரீட்சையில் மலையாளத்தில் தட்டுத்தடுமாறித்தான் தேறினேன் என்று சேச்சி கேலி செய்வாள். கணக்கில் முழு மார்க். நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகும் அட்டை சுவரிலேயே இருந்தது. பகலில் என் இடத்தில் அம்மா தட்டு அடித்தாள். அதற்கடுத்த வருஷம் சித்தப்பா பக்கத்தில் ஒரு டுட்டோரியலில் கணக்குச் சொல்லித்தரப் போனார். வெள்ளிக்கிழமை வெளிவேலை மாதம் ஒரு முறை ஆயிற்று. அவர் இன்றும் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. வீட்டில் யார் கையிலிருந்தாவது தட்டு விழுந்தால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "இது என்ன பீரியடு?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். நான் ஏதாவது ஒரு பாடத்தின் பெயரைச் சொல்வேன். அவர் எதைக் கேட்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த வயதில் எனக்கு எதுவும் தெரியாது. டுட்டோரியலில் முதல் சம்பளம் வாங்கிய மறுநாள், சித்தப்பா தானே கடைக்குப் போய்ப் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றை வாங்கி வந்தார். அப்பா வாங்கிப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடைசியில் குளியலறைக் கதவில் முடுக்கினார். சித்தப்பாதான் முதலில் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அம்மா கதவுக்கு முன்னால் போய் நின்று தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் கையை இறக்கிக்கொண்டு, மெல்ல அடுக்களைக்குப் போய், பாயசத்துக்கு அரிசி களைய ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றேன்.

"தாழ்ப்பாள் வாங்கியாச்சுல்லா" என்றாள் அம்மா.

தாழ்ப்பாளுக்கெல்லாம் யாராவது பாயசம் வைப்பார்களா என்று அண்ணனிடம் கேட்டேன். அவன் தன் டம்ளரையும் என் பக்கம் தள்ளினான். பாயசத்தில் ஒரு முந்திரிகூட விட்டுக்கொடுக்காதவன். அதற்கும் எனக்குக் காரணம் புரியவில்லை. அவன் மனசு மாறுவதற்குள் குடித்துவிட்டேன்.